சுடர் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்பைச் சுடரில் காட்டி, வரும் நிறத்தை வைத்து அதிலுள்ள உலோகம் எது என்று ஊகிப்பதுதான் சுடர் சோதனை. மதுரைப் பக்கம் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் அதைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. பிள்ளைகள் கேட்பார்கள், பிள்ளைகளின் அம்மா கேட்பார், மண் பரிசோதனைக்குப் போய்வந்த விவசாயியும் கேட்பார். கேட்டவர் வாய்ப்பேச்சை அப்படியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். விடையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற நிறத்தை எழுதாதீர்கள். கண்ணில் பட்ட நிறத்தை முதலில் எழுதுங்கள், பிறகு யோசியுங்கள்.

சார், உப்பை நெருப்புல காட்டுனா ஏன் கலர் வருது?

சுடரின் சூட்டில் உப்பு ஆவியாகி, அதிலுள்ள உலோகம் தனித்தனி அணுக்களாகப் பிரிகிறது. அணுவின் வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் சூட்டிலிருந்து ஆற்றலை வாங்கி மேல் மட்டத்துக்குப் போகிறது. அங்கே நிலைக்க முடியாது, உடனே கீழே இறங்கிவிடும். இறங்கும்போது வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. மட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால் ஒளியின் அலைநீளமும் மாறுகிறது. சோடியத்துக்கு 589 நானோமீட்டர், அது மஞ்சள். லித்தியத்துக்கு 671, அது சிவப்பு.

எல்லா அணுக்களும் சேர்ந்து ஒளிர்வதாக நினைக்க வேண்டாம். 2000 கெல்வின் வெப்பநிலையில் சோடிய அணுக்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒன்றுதான் மேல் மட்டத்தில் இருக்கும். அந்த ஒன்றின் வெளிச்சமே கண்ணைப் பறிக்கிறது.

எதுக்கு எந்தக் கலர்? சுருக்கமா சொல்லுங்க.

சோடியம் பொன்மஞ்சள். பொட்டாசியம் வெளிறிய கத்தரிப்பூ நிறம். லித்தியம் அடர்சிவப்பு, கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் குங்குமச் சிவப்பு. பேரியம் இளம்பச்சை, புத்தகத்தில் ஆப்பிள் பச்சை என்று இருக்கும். தாமிரம் நீலம் கலந்த பச்சை. காரீயம் மங்கலான சாம்பல் நீலம், அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒழுங்கா எப்படிச் செய்யணும்?

நைக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பியின் நுனியைச் சின்ன வளையமாக வளைத்துக்கொள்ளுங்கள். அதை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, பன்சன் பர்னரின் நீலச் சுடரில் காட்டுங்கள். சுடரில் எந்த நிறமும் வராத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கம்பி சுத்தமாகாமல் அடுத்த வேலைக்குப் போனால் முன்னால் செய்தவரின் உப்பைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

அப்புறம் வாட்ச் கிளாஸில் (குழிந்த சின்னக் கண்ணாடித் தட்டு) உப்பைக் கொஞ்சம் எடுத்து, இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பசையாக்கி, கம்பி நுனியில் தொட்டு, சுடரின் அடிப்பக்க ஓரத்தில் கொண்டுபோங்கள். நிறம் சில விநாடிதான் நிற்கும். கண்ணை எடுக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பிப்ரவரி மதுரை வெயிலிலும் இதற்கு விலக்கு இல்லை. சுடர் ஆடினால் நிறம் தெரியாது, அமிலப் புகையும் முகத்துக்கு வரும். அந்தப் புகை போக ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள்.

ஏன் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மட்டும்? சல்பியூரிக் போட்டா என்ன?

நிறம் வர உப்பு ஆவியாக வேண்டும். உலோகக் குளோரைடுகள் பொதுவாகச் சீக்கிரம் ஆவியாகும், சல்பேட்டுகள் ஆகாது. கார்பனேட்டோ ஆக்சைடோ இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் குளோரைடாக்கிவிடும். சல்பியூரிக் அமிலம் வேலையை நேர் எதிராகத் திருப்பிவிடும்.

பேரியம் சல்பேட் மாதிரி எதற்கும் கரையாத உப்பு வந்தால், முதலில் அதைச் சுடரின் உட்பகுதியில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால் சல்பேட் ஓரளவு சல்பைடாக மாறும். பிறகு அமிலத்தில் தோய்த்து ஓரத்தில் காட்டினால் பச்சை எட்டிப்பார்க்கும்.

நான் எதைக் காட்டுனாலும் மஞ்சளாவே வருது. என் உப்பு எல்லாமே சோடியமா?

இல்லை. அநேகமாக எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான். சோடியம் எங்கும் இருக்கிறது, அதுவும் துளி போதும். 1860 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வேதியியலாளர் பன்சனும் இயற்பியலாளர் கிர்ச்சாஃபும் ஒரு சோதனை செய்தார்கள். 60 கன மீட்டர் அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்க வைத்து, தூரத்திலிருந்த சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நிமிடத்தில் அந்தச் சுடர் மஞ்சளாகிச் சோடியத்தின் கோட்டைக் காட்டியது (சுடரின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு அலைநீளமும் ஒரு கோடாகத் தெரியும்). ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு சோடியமே போதும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இனி நம் லேபைப் பாருங்கள். வியர்வையில் சோடியம். கம்பி நுனியை விரலால் ஒருதரம் தொட்டாலே மஞ்சள் வந்துவிடும். போர்வெல் தண்ணீரில் கம்பியைக் கழுவினால் அதிலுள்ள உப்பு கம்பியில் ஒட்டிக்கொள்ளும். மதுரையில் பல இடங்களில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்புத் தெரியும், அதில் கால்சியமும் சேர்ந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் பக்கத்தில் விடாதீர்கள். கம்பி கிடைக்காமல் கண்ணாடிக் கோலில் பசையை எடுத்துக் காட்டும் வழக்கம் சில லேபுகளில் உண்டு. சாதாரணக் கண்ணாடியிலேயே சோடியம் இருப்பதால், சூடேறியதும் கோலே மஞ்சள் காட்டத் தொடங்கிவிடும்.

ஆகவே உப்பில்லாமல் வெறும் அமிலத்தோடு கம்பியைக் காட்டி, அந்த மஞ்சள் எவ்வளவு என்று முதலில் பார்த்துவையுங்கள். உங்கள் உப்பு அதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக, நீண்ட நேரம் மஞ்சள் காட்டினால் மட்டுமே சோடியத்தைச் சந்தேகியுங்கள்.

பொட்டாசியம் கலர் எனக்குத் தெரியவே மாட்டேங்குது சார். கண்ணுல கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை. பொட்டாசியத்தின் வலுவான கோடுகள் 766, 770 நானோமீட்டரில் இருக்கின்றன. நம் கண் பார்க்கும் எல்லையின் ஓரம் அது. இன்னொரு கோடு 404-இல், ஊதா ஓரத்தில், அதுவும் மங்கல். இரண்டு ஓரமும் சேர்ந்துதான் அந்த வெளிறிய கத்தரிப்பூ நிறம். கொஞ்சம் சோடியம் கலந்திருந்தாலும் மஞ்சள் அதை விழுங்கிவிடும்.

இதற்குத்தான் கோபால்ட் நீலக் கண்ணாடி. அது சோடியத்தின் மஞ்சளை உறிஞ்சிவிட்டு, சிவப்பு ஓரத்தையும் ஊதாவையும் கடந்துவர விடுகிறது. அதன் வழியே பார்த்தால் பொட்டாசியம் செந்நிறமாகத் தெரியும். ஒரு கண்ணாடி போதாவிட்டால் இரண்டை அடுக்கிப் பிடியுங்கள். வீட்டு விறகுச் சாம்பலை அமிலத்தில் குழைத்து இதைப் பழகலாம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியமும் கூடவே உண்டு.

எங்க ஸ்கூல்ல ஸ்பிரிட் விளக்குதான் இருக்கு. அதுல பார்க்கலாமா?

சோடியம், லித்தியம், தாமிரம் தெரியும். கால்சியமும் பேரியமும் சிரமம், ஏனென்றால் சூடு போதாது. திரியைத் தாழ்த்தி வைத்தால் சுடர் நீலமாக நிற்கும், அப்போது முயலுங்கள்.

கால்சியம், ஸ்ட்ரான்சியம், லித்தியம் மூணுமே சிவப்பு. எப்படிப் பிரிக்கிறது?

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். கால்சியத்தின் செங்கல் சிவப்பு பளிச்சென்று வந்து சீக்கிரம் மங்கும், அதில் ஆரஞ்சுச் சாயல் இருக்கும். மறுபடி அமிலத்தில் தோய்த்தால் மறுபடி வரும். ஸ்ட்ரான்சியம் ஆழமான சிவப்பு, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். கோபால்ட் கண்ணாடி வழியே கால்சியம் இளம்பச்சையாகவும் ஸ்ட்ரான்சியம் ஊதாவாகவும் மாறித் தெரியும். இந்த வித்தியாசம் நல்ல துணை, ஆனால் பலர் கண்ணாடியைப் பொட்டாசியத்துக்கு மட்டும் என்று வைத்துவிடுகிறார்கள்.

லித்தியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவியான நிறமாலை காட்டியில் பார்த்தால் சண்டையே இல்லை. லித்தியத்துக்குச் சிவப்பில் ஒரே ஒரு வலுவான கோடு. ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்பிலும் ஆரஞ்சிலும் பல பட்டைகள், போதாததற்கு 461-இல் ஒரு நீலக் கோடு. கால்சியத்துக்கு ஆரஞ்சில் ஒரு பட்டை, பச்சையில் ஒரு பட்டை.

கால்சியத்தைப் பார்த்துப் பழக வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு போதும். லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு துளியை அமிலத்தில் குழைத்துக் காட்டிப் பாருங்கள்.

மெக்னீசியம், ஜிங்க், அலுமினியத்துக்கு ஒண்ணுமே வரலையே, தப்பா செஞ்சிட்டேனா?

தப்பில்லை. மெக்னீசிய அணுவின் முக்கியக் கோடு 285 நானோமீட்டரில், புற ஊதாவில் இருக்கிறது. கண்ணுக்கு அது எட்டாது. மற்ற இரண்டுக்கும் பயன்படும் நிறம் இல்லை. ஆகவே "சுடரில் நிறம் இல்லை" என்பதும் எழுத வேண்டிய ஒரு கவனிப்புதான். அதை வைத்து உப்பில் உலோகமே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தம்பி, கஞ்சி பொங்குனா கேஸ் அடுப்பு மஞ்சளா எரியுது. கேஸ்ல கலப்படமா?

இல்லைங்க அம்மா. கஞ்சியில் உப்பு இருக்கும், அது சுடரில் பட்டதும் சோடியம் மஞ்சள் காட்டுகிறது. பொங்கினது வற்றியதும் நீலம் திரும்பிவிடும். ஆனால் ஒன்றும் சிந்தாமலே அடுப்பு எப்போதும் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் அது வேறு சங்கதி. காற்று போதாமல் எரிவாயு அரைகுறையாக எரிகிறது என்று பொருள். பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், சரியாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கற்பூரமும் மஞ்சளாத்தான் எரியுது. அதுலயும் சோடியமா?

கற்பூரத்தில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும்தான். எரியாமல் மிஞ்சிய கரித்துகள்கள் சூட்டில் கனன்று ஒளிர்வதால் வரும் மஞ்சள் அது. அகல்விளக்குச் சுடரும் இப்படித்தான். கண்ணுக்கு இரண்டு மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியலாம். பிரித்துப் பார்த்தால், கரித்துகள் வெளிச்சத்தில் சிவப்பு முதல் ஊதா வரை எல்லா நிறமும் விட்டுப்போகாமல் இருக்கும். சோடியத்தின் வெளிச்சத்தில் 589.0, 589.6 நானோமீட்டரில் ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகள் மட்டுமே.

பிரித்துப் பார்க்கிறதுன்னா, வீட்டுலயே முடியுமா?

முடியும். மூடிய அட்டைப்பெட்டி ஒன்றில், ஒரு பக்கம் இரண்டு பிளேடு விளிம்புகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டி ஒரு பிளவு செய்யுங்கள். எதிர்ப்பக்கம் பழைய சிடி ஒன்றைச் சாய்த்துவைத்து, அதைப் பார்க்க ஒரு துளை போடுங்கள். பிளவைச் சுடருக்கு நேராகத் திருப்பினால் சிடியின் மேல் நிறங்கள் பிரிந்து விழும். கற்பூரச் சுடர் முழு வானவில்லைக் காட்டும், உப்புப் பட்ட சுடரில் மஞ்சள் கோடு தனியாகத் தூக்கி நிற்கும். சூரியனை நோக்கி மட்டும் இதைத் திருப்பவே கூடாது.

பன்சனும் கிர்ச்சாஃபும் இதே கருத்தில் செய்த கருவியைக் கொண்டுதான் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபீடியத்தையும் கண்டார்கள். சீசியத்துக்காக 40 டன்னுக்கும் மேற்பட்ட ஊற்றுநீரைக் காய்ச்சினார்கள், கிடைத்த சீசியம் உப்பு சில கிராம்தான். நீலத்தில் இரண்டு புதுக் கோடுகள் தெரிந்திராவிட்டால் அத்தனை நீரைக் காய்ச்ச யாருக்கும் தோன்றியிருக்காது.

சிவகாசி வாணத்துல வர்ற கலரும் இதேதானா?

அடிப்படை இதேதான். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம். வெள்ளை வேறு: மெக்னீசியமும் அலுமினியமும் எரிந்து கனன்று தரும் வெளிச்சம். வாணத்தில் குளோரின் தரும் பொருளும் சேர்ப்பார்கள், ஏனென்றால் அங்கே நல்ல நிறம் தருவது ஸ்ட்ரான்சியம் மோனோகுளோரைடு, பேரியம் மோனோகுளோரைடு போன்ற மூலக்கூறுகள். நீலம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். சூடு கொஞ்சம் கூடினாலும் தாமிரக் குளோரைடு மூலக்கூறு உடைந்து நிறம் வெளிறிப்போகும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பச்சைக்கு அதைப் போல எளிதான மாற்று இல்லாததால் தொழிலில் இது பெரிய விஷயமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை: பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. கரையும் பேரியம் உப்பு விஷம், மருந்துக் கலவை உரசினாலே தீப்பிடிக்கும்.

வீடியோல கிண்ணத்துல ஸ்பிரிட் ஊத்தி வானவில் மாதிரி எரிய விடுறாங்களே, செய்யலாமா?

செய்யக் கூடாது. மெத்தனாலில் உப்பைப் போட்டு எரிப்பதுதான் அது. நெருப்பு அடங்குகிற மாதிரி தெரியும்போது பாட்டிலிலிருந்து மேலும் ஊற்றுவார்கள். ஆவி வழியாகத் தீ பாட்டிலுக்குள் ஏறி, எதிரே நிற்பவர்கள் மேல் பீய்ச்சியடிக்கும். பல நாடுகளில் வகுப்பறைகளிலேயே பிள்ளைகள் இப்படிக் கருகியிருக்கிறார்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஊறிய மரக்குச்சியில் உப்புக் கரைசலைத் தொட்டுக் காட்டினாலே அதே நிறம் வரும்.

கலர் தர்றது அயனியா அணுவா? புக்ல "உலோக அயனியைக் கண்டறிதல்"னு இருக்கு.

இது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மடக்கும் கேள்வி. உப்பில் இருப்பது சோடியம் அயனி. மஞ்சளைத் தருவது சோடிய அணு. வெளி எலக்ட்ரானை இழந்த அயனிக்குக் கண்ணுக்குத் தெரியும் கோடு கிடையாது. சுடரில் ஆவியான உப்பு உடையும்போது உருவாகும் நடுநிலை அணுதான் ஒளிர்கிறது. லித்தியம், பொட்டாசியத்துக்கும் இதே கதை.

கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியத்துக்கு இன்னொரு திருப்பம் உண்டு. சுடரில் அவை ஹைட்ராக்சில் (OH) தொகுதியோடு சேர்ந்து உருவாகும் சிறு மூலக்கூறுகள்தான் பெரும்பகுதி நிறத்தைத் தருகின்றன. அதனால்தான் மேலே கோடு என்று சொல்லாமல் பட்டை என்று எழுதினேன். தாமிரத்துக்கு, அமிலம் நிறைய இருந்தால் குளோரைடு மூலக்கூறின் நீலம், இல்லாவிட்டால் பச்சை. மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) அமிலம் விட்டும் விடாமலும் காட்டினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

அயனியே ஒளியோடு உறவாடும் இடம் வேண்டுமென்றால் சூரியன் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாகக் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஒளியில் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அது எலக்ட்ரானை இழந்த கால்சிய அயனியின் கோடு. பன்சன் சுடரின் சூட்டுக்கு அது கைகூடாது.

மண் பரிசோதனைல சாம்பல்சத்து எம்புட்டுன்னு நம்பர் போட்டுத் தர்றாங்களே, அதையும் நெருப்புலயா பார்க்கிறாங்க?

ஆமாங்கய்யா. உங்கள் வயல் மண்ணை அம்மோனியம் அசிட்டேட் கரைசலில் கலக்கி வடிகட்டுவார்கள். பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பொட்டாசியம், அதாவது நீங்கள் சொல்லும் சாம்பல்சத்து, கரைசலுக்கு வந்துவிடும். சுடர் ஒளிமானி என்ற கருவி அந்தக் கரைசலைப் பொடித்தூறலாகச் சுடருக்குள் தெளிக்கும். பொட்டாசிய வெளிச்சத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியே எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்து, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு எண் தருவார்கள். கண்ணுக்கு மங்கலான அந்த 766-ஐக் கருவி நன்றாகவே பார்க்கும். தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 280-க்கு மேலே போனால் அதிகம் என்று அட்டையில் குறிப்பார்கள். அதிகம் என்று வந்த வயலில் பொட்டாஷ் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

சார், எனக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியா தெரியாது. மார்க் போயிருமா?

போக வேண்டியதில்லை, முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. ஆண் பிள்ளைகளில் இது பரவலாக உண்டு. மேலே சொன்ன சிடி பெட்டியில் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால் நிறம் தெரிய வேண்டியதில்லை. பழக்கத்துக்குச் சோடியக் கோட்டின் இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். அதற்கு இந்தப் பக்கம் விழுகிறதா, அந்தப் பக்கம் விழுகிறதா என்பதே விடை தரும். தேர்வில் வீழ்படிவுச் சோதனைகளுக்குக் (கரைசலில் திடப்பொருள் பிரிந்து படிகிறதா என்று பார்ப்பவை) கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பச்சை வந்துருச்சு. பேரியம்னு எழுதிரலாமா?

"பச்சை வந்தது, பேரியமாக இருக்கலாம்" என்று எழுதுங்கள். பச்சைக்குத் தாமிரமும் காரணமாகலாம். அப்படியானால் உப்பே பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும், அம்மோனியா கரைசலை மிகுதியாகச் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் வரும். போரான் உப்பான போரேட்டும் பச்சை தரும். அது உலோகமே இல்லை. போரேட்டாக இருந்தால், எத்தில் ஆல்கஹாலும் அடர் சல்பியூரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, வரும் ஆவியைப் பற்றவைத்தால் பச்சை விளிம்புள்ள சுடர் எழும்.

மூன்றில் எது என்று பிரிக்கக் கரைசல்தான் வழி. உலோகங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும் பகுப்பாய்வில், ஐந்தாம் தொகுதியில் அம்மோனியம் கார்பனேட் வெள்ளை வீழ்படிவு தர வேண்டும். அதை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் பேரியத்துக்கு மஞ்சள் வீழ்படிவு விழும். விழவில்லையா? உப்பைப் புதிதாக எடுத்து, கம்பியை மறுபடி சுத்தம் செய்து, சுடரை இன்னொரு முறை பாருங்கள்.